இருபத்திரண்டாம் முடிச்சு

என் கொழுந்தனை ஊரில் எல்லோரும் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ, காற்றடித்தால் கொடியில் போட்டுக் கிளிப் மாட்ட வேண்டிய ஒல்லி. பேர் வந்தது உடம்பால் இல்லை, வேலையால். ஆற்றுப் பாலத்தின் மேலே நின்று, கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைத் தண்ணீருக்குள் இறக்கி, தூணின் காலடியில் தரை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவன் வேலை. பாலத்துக்கு ஐந்து தூண். ஐந்துக்கும் தினம் ஒரு தடவை. ஆறு பெருகினால் காலையும் மாலையும். பதினாறு வருஷம் ஒரு நாள் தவறாமல் செய்தான். கடைசியில் பொய்க்கணக்கு எழுதியவன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் பொய் எழுதவில்லை. பொய் சொன்னது நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாராவது "போகட்டும் விடு" என்றால் விடமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும். பாலத்தடியில், ஆற்றின் இந்தக் கரையில், எங்களுக்குச் சலவைக்கடை. அந்தக் கரையில் வரிசையாக லாட்ஜுகள். அவர்கள் படுக்கை விரிப்பு முழுக்க எங்களிடம்தான் வெளுக்க வரும். ஒரு நாளைக்கு இருநூறு வரும், முந்நூறு வரும். வாங்கும்போது ஒரு எண்ணம், ஊறப்போடும்போது ஒரு எண்ணம், காய்ந்து மடிக்கும்போது ஒரு எண்ணம். ஒரு காகிதம் கிடையாது. எந்த லாட்ஜுடையது என்று தெரிய, ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டு வைப்பேன். பெரிய லாட்ஜுக்கு மூன்று குட்டைத் தையல், ஒரு நெட்டைத் தையல். லாட்ஜ் வேலை எடுத்த பதினோரு வருஷத்தில் ஒரு தலையணை உறைகூடக் குறைந்ததில்லை. படித்த மேனேஜர் பேனாவோடு எண்ணி நூற்றி அறுபது என்பார், நான் நூற்றி அறுபத்தொன்று என்பேன். மறுபடி எண்ணுவார். நூற்றி அறுபத்தொன்று இருக்கும்.

நான் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தனுக்கு ஐந்து வயது. அம்மா இல்லாத பிள்ளை. என் சேலையின் பின்னாலேயே சுற்றுவான். நான் துணி மடிக்க, அவன் எதிர்முனையைப் பிடிப்பான். ஒரு விரிப்பு மடித்தால் ஒன்று, இன்னொன்று மடித்தால் இரண்டு. அப்படித்தான் நூறு வரை அவனுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தேன், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால். வாத்தியார் கேட்டபோது "அண்ணி சொல்லிக் குடுத்தாங்க" என்றானாம். "அண்ணி எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டாராம். "துவைக்கிற கல்லு" என்றானாம்.

வளர்ந்து பாலத்து வேலைக்குப் போனான். அவன் குண்டைப் பார்க்க வேண்டும் நீங்கள். நான்கு கிலோ இரும்பு, அடி கூர்மையாக, மேலே ஒரு வளையம். தினமும் செங்கல் தூளால் தேய்ப்பான். கல்யாணமாகாத ஆள், பெண்டாட்டிக்குச் செய்கிற மாதிரி அதற்குச் செய்கிறான் என்று கேலி பேசுவோம். கயிற்றில் ஒரு கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. கயிறு நனைந்தால் சுருங்கும் என்று வாரம் ஒரு தடவை இழுத்துக் கட்டிக் காயவைத்து, முடிச்சுக்கு முடிச்சு மரக்குச்சியால் அளந்து சரிபார்ப்பான். ஐந்தாவது முடிச்சு, பத்தாவது, பதினைந்தாவது முடிச்சுகளில் சிவப்புத் துணி. பதினெட்டாவதில் கறுப்புத் துணி. எல்லாம் என் கடையில் கிழிந்த துணிதான்.

கறுப்புத் துணிக்கு ஒரு அர்த்தம் உண்டு. பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து தரைக்கு வழக்கமாகப் பதினான்கு முடிச்சு. தரை அரித்து, பதினெட்டாவது முடிச்சு கையைத் தாண்டி இறங்கிவிட்டால், யாரையும் கேட்க வேண்டாம், பாலத்துக்குக் குறுக்கே சங்கிலி போட்டுவிட வேண்டும். அது ஆபீஸ் சட்டம்.

ஒரு நாள் கேட்டேன், அத்தனை பெரிய தூணைத் தண்ணீர் என்னடா செய்யும் என்று. என் வீட்டு முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் துவைக்கிற கல்லைக் காட்டினான். குழாய்த் தண்ணீர் ஓடி வந்து கல்லில் முட்டுகிறது. நேரே போக வழியில்லாமல் கீழே பாய்கிறது. கல்லின் காலடி மண்ணைத் தோண்டி, இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டு போகிறது. கல்லைச் சுற்றி ஒரு பள்ளம், தட்டு மாதிரி.

"கல்ல யாரும் தள்ளுறதில்ல, அண்ணி. கல்லு நிக்கிற எடத்தத்தான் எடுக்குது."

அந்த வருஷம் பெரிய வெள்ளம் வந்தது. விடியும்போதே ஆறு எங்கள் துணி காயப்போடும் மேட்டுக்கு ஏறிவிட்டது. கொடிக்கம்பம் ஒன்று சாய்ந்தது. என் கண்ணெதிரே பெரிய லாட்ஜின் விரிப்பு பதினொன்று வெள்ளை வாத்துக் கூட்டம் மாதிரி மிதந்து போய், பாலத்தடியில் மூன்றாம் தூணிடம் ஒரு சுழி சுழன்று உள்ளே போனது. பதினோரு வருஷத்தில் முதல் குறை. அந்தக் கரையில் மெஷின் வைத்த சலவைக்காரன் ஒருவன் புதிதாக வந்து மேனேஜருக்குத் தினம் சலாம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அன்று மதியத்துக்குள் நாற்பது விரிப்பு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் ஓடி வந்தான். தண்ணீர் வேகமாக இருக்கும்போது ஒருவர் கயிறு விட வேண்டும், ஒருவர் முடிச்சு எண்ண வேண்டும். எண்ணுகிற ஆள் வெள்ளத்தால் தன் ஊரிலேயே மாட்டிக்கொண்டான். "அண்ணி, கொஞ்சம் வந்து எண்ணுங்க" என்றான். போனேன்.

முதல் இரண்டு தூணும் சரியாக இருந்தன. மூன்றாம் தூணுக்கு வந்தபோது கைப்பிடிச் சுவர் அதிர்வது என் வயிற்றில் தெரிந்தது. குண்டை விட்டான். நான் எண்ணினேன். சிவப்பு போனது, சிவப்பு போனது, சிவப்பு போனது. கறுப்பும் போனது. பத்தொன்பது, இருபது. அவன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்தேன். இருபத்தொன்று. இருபத்திரண்டு. அங்கே டொக் என்று உட்கார்ந்தது. காதில் கேட்கவில்லை, கயிற்றைத் தொட்டிருந்த கையில் தெரிந்தது.

"எத்தன, அண்ணி?"

"இருபத்திரண்டு" என்றேன். முதலில் உண்மையைத்தான் சொன்னேன்.

அவன் சங்கிலி இருக்கும் பக்கம் திரும்பினான். நான் அந்தக் கரையில் லாட்ஜ் போர்டுகளைப் பார்த்தேன். சங்கிலி விழுந்தால் எப்போது எடுப்பார்கள்? ஒரு மாதமா, மூன்று மாதமா? அதற்குள் மெஷின்காரன் என் இடத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவான்.

"தம்பி, கயிறு வயிறு தள்ளியிருக்கு பாரு. தண்ணி இழுக்குது. நேரா போயிருந்தா இத்தன வராது" என்றேன்.

அதில் ஒரு பிடி உண்மை இருந்தது. வெள்ளத்தில் கயிறு வளையும். அதற்காக ஒன்றோ இரண்டோ கழிக்க வேண்டும் என்று அவனே எனக்குச் சொன்னவன்.

"ரெண்டு கழிச்சாலும் இருபது, அண்ணி."

"நேத்து பதினாலு. ஒரு நாள்ல ஆறு முடிச்சு மண்ணு எங்கடா போகும்? தண்ணி வத்தட்டும், நிதானமா போட்டுப் பாரு. இப்ப எழுதாத."

"எழுதணும், அண்ணி. சட்டம்."

"ஒனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தவ நான். நான் சொல்றேன், எழுதாத."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் அம்மா இல்லாத பிள்ளை. என் பேச்சைத் தட்டியதில்லை. நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மூன்றாம் தூணுக்கு நேரே, வேகம் அதிகம், அளக்க முடியவில்லை என்று எழுதினான். எழுதியதைப் படித்துக் காட்டினான், நான் கேட்காமலே. நாற்பது விரிப்பும் மதியத்துக்குள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாளில் ஆறு இறங்கியது. குண்டைப் போட்டான். பதினான்கு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல நாக்கு கூசுகிறது. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, "என்னமோ பாலமே முழுகப்போகுதுன்னு குதிச்சியே, பாத்தியா பதினாலு" என்று அவனை வாரினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் டீயை ஊதிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"எண்ணம் பதினாலுதான், அண்ணி. ஆனா குண்டு உக்கார மாட்டேங்குது. பெசஞ்ச மாவுல விரல் விட்ட மாதிரி எறங்குது."

அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தோண்டுகிறது, வடியும்போது மேலேயிருந்து கொண்டுவந்த வண்டலை அதே பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. மேலே பார்த்தால் தரை பழையபடி. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் சேறு. தூணைப் பிடித்துக்கொண்டிருந்த கெட்டிச் சரளை எல்லாம் போய், சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தது தூண். அளக்க வேண்டியது வெள்ளத்தில்தான். வடிந்த பிறகு அளப்பது, திருடன் போன பிறகு பூட்டை இழுத்துப் பார்ப்பது. பூட்டு நன்றாகத்தான் இருக்கும்.

ஆபீஸுக்குப் போய் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான், குண்டு உட்காரவில்லை என்று. நோட்டில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். பதினான்கு. அப்புறம் என்ன என்றார்களாம். நோட்டில் எண் எழுதக் கட்டம் உண்டு. குண்டு எப்படி உட்கார்ந்தது என்று எழுதக் கட்டம் கிடையாது. வெள்ளத்தன்று என்ன என்று கேட்டதற்கு, அளக்க முடியவில்லை என்று அவன் கையெழுத்தே இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு சின்ன வெள்ளம். முழங்கால் உயரம் ஏறிய வெள்ளம், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத வெள்ளம். அந்தச் சேற்றைக் கரைக்க அது போதுமாக இருந்தது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்ட மாதிரி ஒன்று. வெளியே வந்து பார்த்தால் மூன்றாம் தூண் ஒரு ஆள் இடுப்பளவு இறங்கி, பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மேலே ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். என் துணியை அந்தக் கரைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவன், ஈர்க்குச்சி என்று பேர். வண்டி சரிந்து, அவன் வலது காலைக் கைப்பிடிச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது என் கொழுந்தன். சாய்ந்த பாலத்தில் தவழ்ந்து போனான். என் விரிப்பைக் கிழித்துத்தான் கட்டுப் போட்டான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். ஆபீஸில் மேலே ஒரு அறை, நீள மேஜை, சத்தம் போடுகிற மின்விசிறி. வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி. கொழுந்தனின் நோட்டு மேஜையில் விரித்துக் கிடந்தது. ஈர்க்குச்சியின் கால் போனபிறகு கொழுந்தன் மனசு தாங்காமல் சொல்லிவிட்டான், வெள்ளத்தன்று இருபத்திரண்டு வந்தது, எழுதாமல் விட்டது என் தப்பு என்று. எழுத விடாதது யார் என்று சொல்லவில்லை. அதிகாரி நம்பவில்லை. சரி, வந்ததற்குச் சாட்சி யார் என்றார். வேறு வழியில்லாமல், முடிச்சு எண்ணியது அண்ணி என்றான்.

என்னைக் கூப்பிட்டார்கள். வாசற்படியில் என் வீட்டுக்காரர் நின்றார். அதிகாரி நல்ல மாதிரிதான் கேட்டார், நீங்களாம்மா எண்ணினது, எத்தனை வந்தது என்று.

மனசுக்குள் என்ன ஓடியது என்று இத்தனை வருஷமாக நானும் தேடிப் பார்க்கிறேன். இருபத்திரண்டு என்று சொன்னால், அடுத்த கேள்வி ஏன் எழுதவில்லை என்பது. அதற்கடுத்தது ஈர்க்குச்சியின் கால். ஊர் முழுக்க என் வாசலில் வந்து நிற்கும். போலீஸ் வரும். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. இன்னும் ஒன்று, அதையும் சொல்லிவிடுகிறேன்: அத்தனைக்கு நடுவிலும் லாட்ஜ் மேனேஜர் முகம் வந்தது. அவ்வளவு அற்பம்.

"எனக்கு எழுத்துப் படிப்பு கெடையாதுங்க. எண்ணத் தெரியாது" என்றேன்.

"எதுவரைக்கும் தெரியும்?"

"பத்து வரைக்கும் தெரியும்ங்க. அதுக்கு மேல கொழம்பிடும்."

கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வயதில் துணி மடிக்கும்போது எண்ணம் விட்டுப்போனால் அப்படித்தான் தரையைப் பார்ப்பான். பிறகு நிமிர்ந்து அதிகாரியிடம் சொன்னான்.

"அவங்கள விட்டுடுங்க சார். பாவம், எழுத்து தெரியாதவங்க. நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்."

நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கினார்கள். அந்த மை மூன்று நாள் போகவில்லை. வெளுக்கிற எனக்கே போகவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் வீட்டுக்காரர் பாதி வழியில் ஒரு வார்த்தை சொன்னார்: "இனிமே பத்து வரைக்கும் எண்ணிக்க. ஒனக்கு அது போதும்." அவர் இருந்தவரை அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை. அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

கொழுந்தனுக்கு வேலை போனது. இதில் பெரிய கூத்து என்னவென்றால், பாலம் போனதால் லாட்ஜ் வேலையும் போனது. மெஷின்காரன் சுத்தமாக எடுத்துக்கொண்டான். எதைக் காப்பாற்ற வாயைத் திறந்தேனோ அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இந்தக் கரையில் ஆஸ்பத்திரித் துணி கிடைத்தது. அதை வைத்து ஓட்டினோம். கொழுந்தன் என் கடைக்கே வந்துவிட்டான். பிழிவான், உதறுவான், மூட்டை தூக்குவான். ஈர்க்குச்சிக்குப் பதிலாக வண்டியும் தள்ளினான். "அண்ணி" என்று கூப்பிடுவதில் ஒரு மாத்திரை குறையவில்லை. ஆனால் நான் எண்ணத் தொடங்கினால் மட்டும் எழுந்து போய்விடுவான். குழாயை மூடுகிறேன், அடுப்பைப் பார்க்கிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கு. நான் தனியாக எண்ணுவேன். இருபத்திரண்டு வந்தால் நாக்கு இடறும். வேகமாகத் தாண்டிப் போவேன். இப்படிப் பத்தொன்பது வருஷம்.

மன்னிப்புக் கேட்கக் கூடாதா என்பீர்கள். நான் பிடிவாதக்காரி. கேட்டால் நடந்தது என்று ஆகிவிடும். கேட்காதவரை, கயிறு வளைந்திருந்தது, அது இருபத்திரண்டே இல்லை என்று எனக்கு நானே சாதித்துக்கொள்ளலாம். சாதித்தேன். ஒரு கட்டத்தில் நம்பக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அதுவரைக்கும் ஆற்றில் படகுதான். பிறகு புதுப் பாலம் கட்ட வந்தார்கள். பழைய மூன்றாம் தூணுக்கு முன்னால் இரும்புத் தகடுகளை வட்டமாக அடித்து இறக்கி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டினார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. பழைய பாலத்தில் சாயாமல் மிஞ்சிய துண்டு அந்தக் குழிக்கு நேர் மேலே நின்றது. நானும் கொழுந்தனும் அதன்மேல் போய் நின்றோம். அவனுக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது.

கீழே தோண்டுகிற ஆள் மண்வெட்டியில் எதையோ தூக்கிக் காட்டி, "யாரோட போர்வடா இது, இவ்வளவு ஆழத்துல தூங்கியிருக்கான்" என்று சிரித்தான். மேலே வந்தது. சேறு பிடித்த துணி. டெரிகாட்டன், மக்காது. அங்கே பொறுப்பில் இருந்த என்ஜினீயர் சின்னப் பெண். வாளித் தண்ணீரில் அலசினாள். ஓரத்தில் சிவப்பு நூல். மூன்று குட்டை, ஒரு நெட்டை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் பெண் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். குழிச் சுவரில் ஒரு கோடு தெரிகிறது பாருங்கள், அதற்கு மேலே இருப்பது எல்லாம் பின்னால் வந்து நிரம்பிய வண்டல், கீழே இருப்பது பழைய சரளை. துணி அந்தக் கோட்டின் மேலேயே கிடந்தது. என்றைக்கோ ஒரு வெள்ளத்தில் இதுவரை தோண்டியிருக்கிறது என்றாள். பழைய நோட்டில் அப்படி ஒரு ஆழமே இல்லையே, எல்லாம் பதினான்கு பதினான்கு என்று இருக்கிறதே, அந்தக் காலத்தில் அளந்தவர் தூங்கிவிட்டாரா என்று தமாஷாகக் கேட்டாள். அளந்தவன் பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியாது.

கொழுந்தன் திரும்பி வீட்டுக்குப் போனான். வரும்போது கையில் அந்தக் கயிறும் குண்டும். பத்தொன்பது வருஷம் எங்கே வைத்திருந்தானோ, எனக்கே தெரியாது. குண்டு பளபளவென்று இருந்தது. துணி கிடந்த இடத்துக்கு இதால் ஒரு தடவை அளந்து பார்க்கலாமா அம்மா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டான். அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. நீங்கள் கயிறு விடுங்கள், இந்தப் பாட்டி எண்ணட்டும் என்று என்னைக் காட்டினாள்.

அவன் முடிச்சைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அண்ணிக்கு எண்ணத் தெரியாதும்மா. நானே எண்ணிக்கிறேன்."

கேலியாகச் சொல்லவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கேலியே இல்லை. நான் அன்று ஆபீஸில் சொன்னதை அவன் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தான், குண்டைத் தேய்த்து வைத்திருந்த மாதிரி. நான் எண்ணும்போதெல்லாம் எழுந்து போனது கோபத்தால் என்று நினைத்திருந்தேன். என் பொய் அவன் முன்னால் உடையக் கூடாது என்றுதான் எழுந்து போயிருக்கிறான். அப்படியே ஆற்றில் விழுந்து தொலைந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"தெரியும்" என்றேன். "கயித்தக் குடு."

அவன் குண்டை விட்டான். நான் வாய்விட்டு எண்ணினேன். பத்தைத் தாண்டினேன். நிறுத்தவில்லை. சாயம் போன கறுப்புத் துணி போனது. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டில் டொக் என்று உட்கார்ந்தது. இந்தத் தடவை காதிலும் கேட்டது.

அந்தப் பெண்ணிடம் திரும்பிச் சொன்னேன். வெள்ளத்தன்று எண்ணியது நான், வந்தது இதே எண், எழுத விடாதது நான், விசாரணையில் இல்லை என்றதும் நான். தூங்கியவர் யாரும் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. கொழுந்தனைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள். தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பழைய நோட்டைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். அது முடியாதாம், முடிந்துபோன கோப்பாம். அதில் இன்றைக்கும் பதினான்குதான். என் கைநாட்டும் அப்படியேதான் இருக்கிறது.

கொழுந்தன் கயிற்றை மேலே இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாயில் வந்தது என்ன தெரியுமா? "கயிறு வளைஞ்சதுக்கு ரெண்டு கழிக்கணுமே" என்றேன். புத்தி போகாது பாருங்கள்.

"இப்பத் தண்ணி இல்ல, அண்ணி. கழிக்க ஒண்ணும் இல்ல" என்றான்.

அன்று சாயங்காலம் ஈர்க்குச்சியைத் தேடிப் போனேன். படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற வேலை அவனுக்கு. கட்டைக்காலை எதிர் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனிடமும் சொன்னேன், முதலிலிருந்து கடைசி வரை. உன் கால் போனது என்னால் என்று சொன்னேன். அடிப்பான், துப்புவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சீட்டுக் கட்டை ரப்பர் பேண்டில் போட்டுவிட்டு, "ஏன்க்கா, இத சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்த?" என்றான்.

"தெரியுமா ஒனக்கு?"

"பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும்னு ஆபீஸ்ல சொல்லிட்டு, அடுத்த மாசம் ஆஸ்பத்திரில என் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு அறுபத்துமூணு துணி எண்ணி வாங்கிட்டுப் போன. வார்டே கேட்டுச்சு. நர்சம்மா சிரிச்சுட்டாங்க. ஊருல யாருக்குக்கா தெரியாது?"

மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நான் பத்தொன்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். ஊர் முழுக்க என் எதிரே நின்று, நான் எண்ணுவதைப் பார்த்து, துணியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

"ஒருத்தர்கூட ஏன்டா கேக்கல?"

"குண்டு வீடு வீடா வந்து கேட்டுக்கிட்டான். அண்ணிய யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது, கேட்டா செத்துருவாங்கன்னு. என்கிட்ட வந்து அழுதான். எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காத. இருந்துச்சு. அவன் மூஞ்சிக்காக விட்டேன்." அப்புறம் கட்டைக்காலைத் தட்டிக் காட்டி, "இதுலயும் ஒரு செருப்புக் காசு மிச்சம்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். என்னால் முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரித் துணி வந்தது. எண்ணத் தொடங்கினேன். கொழுந்தன் வழக்கம்போல் எழுந்தான். உட்காருடா என்றேன். உட்கார்ந்தான், எதிர்முனையைப் பிடித்துக்கொண்டான். மடிக்க மடிக்க எண்ணினேன். இருபத்தொன்று வரை வந்தது. அடுத்தது வரவில்லை. விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"இருபத்திரண்டு" என்றான் அவன், விரிப்பை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டே. "மேல போங்க, அண்ணி."